காலுக்குக் காத்திருந்த கிதார்

வெர்லீன் மேப்ரி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு மீனைத் தின்றிருந்தால் அந்தக் கோடை முழுக்க அத்தனை பாடு பட்டிருக்க வேண்டாம்.

ஐம்பத்தொன்றாம் வருஷம், மே மாதம். அமெரிக்காவின் வெஸ்ட் மெம்ஃபிஸ் ஊரில், கறுப்பர்கள் வாழும் எட்டாம் தெருவில் ஐடெல்லாவின் சாப்பாட்டுக்கடை சனிக்கிழமை மத்தியானக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. பாட்டுப்பெட்டிக்காரன் வந்து, தேய்ந்துபோன இசைத்தட்டு ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதுத் தட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஐடெல்லா தன் கல்லாவிலிருந்தே ஒரு காசை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். அவள் சொந்தக் காசில் பாட்டுக் கேட்டதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

"எல்லாரும் வாயை மூடுங்கப்பா! நம்ம வெர்லீன் வாசிச்சது வந்திருக்கு!"

பேச்சு நின்றது. பெட்டிக்குள் விளக்கு எரிந்தது, ஊசி இறங்கியது, கிதார் ஒன்று வெறி பிடித்த மாதிரி கிளம்பியது. வெர்லீன் கையில் மீன் துண்டோடு கேட்டாள். சத்தம் மெல்லியதாக, உச்சத்தில், பளபளவென்று இருந்தது. அவளுடைய கிதார் அப்படிப் பேசாது. அது சளி பிடித்த பொம்பளை மாதிரி கனத்த குரலில் பேசும். அவள் விரல் போகிற வேகமும் இது இல்லை. தட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை உள்ளேயே வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"இது நான் இல்ல," என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் மீதிப் பாட்டு யார் காதிலும் விழவில்லை. அவளுடைய தம்பி ஹோசியா மட்டும் எழுந்துபோய்ப் பெட்டியில் காதை வைத்தான். டிரம்ஸ் வாசித்தது அவன். விரிசல் விட்ட சிம்பலின் தகரச் சத்தத்தை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

"அக்கா, நாமதான்க்கா! என் ஓட்டைச் சிம்பல் கேக்குது!"

"உன் அக்காவே இல்லங்குறா, நீ என்னடா நடுவுல?" என்றான் ஒருவன்.

"அப்ப வாசிச்சது யாரு? பொம்பளை கை இந்த ஓட்டம் ஓடாதுன்னு நான் அப்பவே நெனச்சேன்," என்றான் இன்னொருவன். எப்போது நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. "டேய் பஸ்டர், நீயாடா?"

மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பஸ்டர் டேட் தலையைத் தூக்கினான். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெம்ஃபிஸ்காரன், இளவட்டம். தலைமுடியை எண்ணெய் போட்டு அலையலையாகப் படிய வைத்திருப்பான். விரல் என்னவோ நிஜமாகவே ஓடும், அதில் குறை சொல்வதற்கில்லை. அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "சாப்பிடறப்ப பேசக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்கு," என்றான். அந்தச் சிரிப்பு சாயங்காலத்துக்குள் பாலத்தைத் தாண்டி மெம்ஃபிஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

உண்மையில் நடந்தது இதுதான். மார்ச் மாதத்தில் மெம்ஃபிஸில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஹாலிஸ் வேண்டிவர் என்ற வெள்ளைக்காரர், கடையின் பின்னறையில் முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி, ஒரு ஒலிப்பதிவு இயந்திரத்தை வாங்கி வைத்து, ஆற்றுக்கு இரண்டு பக்கமும் வாசிக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்யத் தொடங்கியிருந்தார். வெர்லீன், ஹோசியா, பியானோவுக்கு ஒரு கிழவர் என்று மூன்று பேர் போனார்கள். பாடுகிறவர் கிடையாது. கிதாரே பாடும்படி வெர்லீன் கட்டிவைத்த ஒரு துள்ளல் மெட்டு அது. பகலெல்லாம் சலவைக்கூடத்தில் ஆவி இயந்திரத்தில் சட்டை தேய்க்கிறவள் என்பதால் ஹோசியா அதற்குச் 'சலவைக்கூடத் துள்ளல்' என்று பெயர் வைத்திருந்தான்.

முதல் தடவை வாசித்து முடித்ததும் வேண்டிவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார்.

"வெர்லீன், பன்னிரண்டு முடிஞ்சதும் திரும்ப வேண்டியதுதானே? நீ வாசப்படியில நின்னுக்கிட்டு யாரைப் பார்க்கிற?"

இந்த வகைப் பாட்டில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தாள அளவு. முடிந்ததும் கூசாமல் அடுத்த சுற்றுக்குத் திரும்பிவிட வேண்டும். வெர்லீனோ கடைசி சுரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு தாளத் தட்டு நேரம் சும்மா நின்றுவிட்டு அப்புறம்தான் திரும்பினாள். தான் நிற்பதே அவளுக்குத் தெரியாது. அவளோடு சேர்ந்து ஹோசியாவும் நின்றான், பியானோக் கிழவரும் நின்றார். மூன்று பேரும் ஒரே சபை. காரணம் அந்தச் சபையில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வெர்லீன்தான் கிதார். சனிக்கிழமைகளில் அவள் சபைக்கு ஆகாத ஆட்டக் கடைகளில் வாசிக்கிறாள் என்பது போதகருக்குத் தெரியும். வேறு கிதார் கிடைக்காததால் தெரியாத மாதிரி இருந்துகொள்வார். அங்கே கிளோட்டி என்று ஒருத்தி உண்டு, வெர்லீனோடு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள், ஆகிருதியான உடம்பு. பரிசுத்த ஆவி இறங்கிவிட்டால் கிளோட்டி எகிறிக் குதிப்பாள். அவள் காற்றில் இருக்கும்போது பாட்டைத் திருப்பினால் கால் தடுமாறி யார் மேலாவது விழுவாள், விழுந்தால் அடியில் மாட்டியவர் பாடு அதோகதி. அதனால் அவள் இரண்டு காலும் தரைக்கு வந்து சேரும்வரை கிதார் காத்திருக்கும். வருஷக்கணக்காக அப்படிக் காத்துக் காத்து, கிளோட்டி இல்லாத இடத்திலும் வெர்லீனின் விரல் காத்திருந்தது.

"அது தப்பு. இன்னொரு தடவை," என்றார் வேண்டிவர்.

அடுத்த தடவையும் நின்றார்கள். அதற்கு அடுத்த தடவை வெர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் திரும்பினாள். பாட்டு முழுக்க உயிரில்லாமல் போனது. வேண்டிவர் நாடாச் சுருளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"போகட்டும். முதல்ல வாசிச்சதே இருக்கட்டும். யார் கவனிக்கப் போறா?"

வெர்லீனுக்கு அந்தத் தப்பு மனதில் முள்ளாக நின்றது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மே மாதத்துக் கூத்து நடந்த அன்று அவள் ஒரு தட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தன் பழைய பெட்டியில் ஓடவிட்டு, கிதாரை மடியில் வைத்து, கூடவே வாசித்துப் பார்த்தாள். சேரவில்லை. தட்டின் சுருதி ஒரு கட்டை மேலே நின்றது. கிதாரின் முதல் கட்டையில் ஒரு பென்சிலை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். சுருதி சேர்ந்தது. இப்போது சிம்பலின் விரிசல் கேட்டது, தன்னுடைய ஒவ்வொரு வளைவும் நெளிவும் கேட்டது. தான்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கூட ஓட முடியவில்லை. ஓடினால் விரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சொந்தப் பாட்டுக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடுகிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து பேருந்து ஏறிப் பாலத்தைத் தாண்டி வேண்டிவர் கடைக்குப் போனாள். அவர் ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் பாட்டை என்ன பண்ணினீங்க, மிஸ்டர் வேண்டிவர்?"

"ஒண்ணும் பண்ணலயே. நாடாவைச் சுத்தற தண்டு இருக்கு பாரு, அதுல கொஞ்சம் ஒட்டுத்தாளைச் சுத்திவிட்டேன். தண்டு தடிச்சா நாடா வேகமா ஓடும். பாட்டு சுறுசுறுப்பா ஆயிடும். எல்லாரும் பண்றதுதான்." அவர் திருப்புளியை வைத்துவிட்டுச் சிரித்தார். "நீ மத்தவன் சட்டையைத் துவைச்சுத் தேய்ச்சு மொடமொடன்னு தர்றல்ல? அது மாதிரிதான் இதுவும்."

"சட்டையைத் தேய்ச்சா அது அதே ஆளோட சட்டைதான். நீங்க தேய்ச்ச தேய்ப்புல எனக்கே என்னை அடையாளம் தெரியல. ஊர்ல எல்லார் முன்னாடியும் நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

"நீ ஏன் சொன்னே?"

வெர்லீன் பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"என் பேரையாவது போட்டிருக்கலாம். 'மேப்ரி மூவர்'னு போட்டிருக்கீங்க. அதுல யார் கிதாரு, யார் பியானோன்னு யாருக்குத் தெரியும்?"

"பொம்பளை கிதார்னு போட்டா எவன் வாங்குவான்?" அதைக் குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார். "இங்க பாரு வெர்லீன், மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. தட்டு நல்லா போகுது. ஆகஸ்ட்ல ரெண்டாவது தட்டு போடணும். வாங்கறவன் அந்த வேகத்தைத்தான் கேக்கறான். அந்த டேட் பையன் அப்படியே அச்சா வாசிக்கிறான், நான் கேட்டேன். ஜூலை நாலு அன்னிக்கு ஐடெல்லா கொல்லைல நீங்க எல்லாரும் வாசிக்கப் போறீங்கல்ல? நானும் வர்றேன். ஜனங்க யாரைத் தட்டுல இருக்கற ஆளுன்னு ஏத்துக்கறாங்களோ, அவங்கதான் ரெண்டாவது தட்டுக்கு."

"நான் கட்டின மெட்டு அது."

"சரிதான். அதை அன்னிக்கு வாசிச்சுக் காட்டு."

மறுநாள் சலவைக்கூடத்தில் ஆவி இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி வெர்லீன் எல்லாவற்றையும் கிளோட்டியிடம் கொட்டினாள். கிளோட்டி மேல்பலகையை இழுத்து மூடி, ஆவி சீறி அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஏசுவைத் தெரியாதுன்னு பேதுரு கூட மூணு தடவை மறுதலிச்சாரு. நீ ஒரே தடவைல வேலையை முடிச்சுட்டியேடி."

"எரியுற இடத்துல எண்ணெயை ஊத்தாத கிளோட்டி."

"சரி சரி. தட்டுல ஏதாவது அடையாளம் இருக்கா? உன்னோடதுன்னு காட்டற மாதிரி?"

வெர்லீன் யோசித்தாள். "ஒரு தப்பு இருக்கு. சுத்து முடியற இடத்துல சும்மா நின்னுடறேன். மிஸ்டர் வேண்டிவரே சொன்னாரு."

"அதை வெளிய சொல்லித் தொலைக்காத! இருக்கற மானமும் போயிடும்."

அதுவும் சரி என்றுதான் வெர்லீனுக்குப் பட்டது.

அந்த ஜூன் மாதம் எட்டாம் தெருவில் அந்தத் தட்டு ஓயவில்லை. ஐடெல்லா கடையில், முடிதிருத்தும் கடையில், பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துக் கொட்டகையில் எல்லாம் அதுதான். பருத்தி மில்லிலிருந்து வருகிறவர்கள் மேல்சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே காசைப் போட்டார்கள். ஆடினார்கள், ஆடினார்கள், தரைப்பலகை தேய ஆடினார்கள். வெர்லீன் மட்டும் அது தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவாள். பிறத்தியார் வீட்டில் வளர்கிற சொந்தப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அதனால் அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வீட்டில் தினமும் அந்த வேகத்தைத் துரத்தினாள். பகலெல்லாம் சூட்டுப் பலகையை இழுத்த கை சாயங்காலம் கிதாருக்கு வளையவில்லை. ஒருவழியாக வேகத்தைப் பிடித்தபோது பாட்டு கூழாகிப் போயிருந்தது. ஹோசியா குச்சிகளைக் கீழே வைத்தான்.

"அக்கா, கோவிச்சுக்காத. இது பாட்டு இல்ல, பயம்."

"வேற என்னடா பண்ணச் சொல்ற?"

"நீ வாசிச்ச மாதிரி வாசி. தோத்தா தோத்துட்டுப் போறோம். உன் கையால தோப்போம்."

மறுநாள் அவள் பென்சிலையும் கயிற்றையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டாள்.

ஜூலை நான்கு, நாட்டின் சுதந்திர தினம். ஐடெல்லாவின் கொல்லையில் குழி தோண்டி விடிகாலையிலிருந்து ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. எருமைமீன் என்கிற ஆற்றுமீன் பொரியும் மணம் தெருமுனைவரை போயிற்று. பருத்தி ஏற்றுகிற வண்டி ஒன்றின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, அதையே மேடையாக்கிப் பியானோவையும் ஏற்றியிருந்தார்கள். கடையின் சன்னல் வழியாக மின்கம்பி வந்து ஒலிபெருக்கியில் இறங்கியது. வேண்டிவர் வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஐடெல்லா ஒரு தட்டு நிறையக் கறியும் ரொட்டியும் அனுப்பிவைத்தாள்.

கிளோட்டியும் வந்திருந்தாள். சபைக்காரி இங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடம், "மீன் திங்க வந்தேன். மீன் திங்கறது பாவம்னு எந்த வேதத்துல இருக்கு?" என்றாள்.

பஸ்டர் முதலில் ஏறினான். வெளிர்நீலச் சட்டை, அதே அலைமுடி. கீழே நின்ற வெர்லீனைப் பார்த்துக் குனிந்தான்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா. தட்டுல இருக்கறது நான்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"இல்லன்னும் சொன்னதில்லையே தம்பி."

"நீங்களே இல்லன்னப்ப, நான் எதுக்குக்கா?"

சொல்லிவிட்டுத் தொடங்கினான். என்ன சொல்ல, பையன் பின்னிவிட்டான். பாட்டுப்பெட்டியே எழுந்துவந்து மேடையில் நின்ற மாதிரி இருந்தது. அதே சுருதி, அதே வேகம், ஒரு சுரம் பிசகவில்லை. கூட்டம் ஊளையிட்டுக்கொண்டு ஆட இறங்கியது. காரில் வேண்டிவர் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. முடிந்தது, இனி சட்டை தேய்த்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

முதல் சுற்று முடிகிற இடத்தில் ஒரு ஜோடி முட்டிக்கொண்டது.

"கண்ணு தெரியலயா உனக்கு?"

"நீதானே என் காலை மிதிச்ச!"

அடுத்த சுற்று முடியும்போது கொல்லை முழுக்க முட்டிக்கொண்டார்கள். ஒருவனுடைய பீர் இன்னொருத்தியின் புதுச்சட்டையில் கொட்டியது. அதற்கடுத்த சுற்றில் ஆட்டத்தில் பேர் பெற்ற மில்காரன் ஒருவன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி தடுமாறி, கறிக்குழிக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றான். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைத் திட்டினார்கள். பஸ்டரை யாரும் திட்டவில்லை, அவன் வாசிப்பில்தான் பிசகே இல்லையே.

"ஏன்டா எல்லாரும் சந்தை மாடு மாதிரி முட்டிக்கறீங்க? வெயில் மண்டைல ஏறிடுச்சா?" என்று ஐடெல்லா சமையல் கரண்டியோடு வெளியே வந்து கத்தினாள்.

பஸ்டர் முடித்தபோது கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால் ஆடியவர்கள் முகத்தில் சோறு தின்றும் பசி அடங்காத மாதிரி ஒரு குழப்பம்.

வெர்லீன் ஏற மாட்டேன் என்று நின்றாள். கிளோட்டி மீன்தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறுகையால் அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். கிளோட்டி தள்ளினால் ஏறாமல் இருக்க முடியாது. ஹோசியா தன் ஓட்டைச் சிம்பலைத் திருகி வைத்தான், பியானோக் கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெர்லீன் கிதாரை மாட்டினாள். பென்சில் இல்லை, கயிறு இல்லை. தன் சுருதியில், தன் வேகத்தில் தொடங்கினாள்.

"என்னம்மா, சவ ஊர்வலமா?" என்று யாரோ கத்தினான்.

"கிராமபோனுக்கு யாராவது சாவி குடுங்கப்பா!" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கனத்த குரல் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி வெயிலில் நடந்து போயிற்று. அவமானத்தில் வெர்லீனுக்குக் காது சூடானது. ஆனால் கைக்கு அது தெரியவில்லை. எத்தனையோ நாளாக மூச்சுமுட்ட ஓடிய கை இப்போது தன் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிப் போட்ட மாதிரி இருந்தது. தோற்பதென்றால் இப்படித் தோற்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். நின்றிருந்தவர்களின் தோள்கள் மெல்ல அசையத் தொடங்கியதை அவள் பார்க்கவில்லை. சுற்று முடிந்தது. விரல் கடைசி சுரத்தைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல, நின்றது.

தொப்.

கிளோட்டியின் இரண்டு காலும் தரைக்கு வந்த சத்தம் அது. வெர்லீன் கண்ணைத் திறந்தாள். கிளோட்டி மட்டும் இல்லை. கொல்லை முழுக்க, கையைக் கட்டி நின்றவர்கள், கேலி பேசியவன், கறிக்குழிக்குப் பக்கத்து மில்காரன், கரண்டியோடு ஐடெல்லா, எல்லாருடைய காலும் ஒரே நேரத்தில் மேலே போய், அந்த இரண்டு தாளத் தட்டு நேரம் காத்திருந்து, ஒரே நேரத்தில் இறங்கியிருந்தது. முழங்கால் உயரத்துக்குப் புழுதி எழுந்தது. ஒருவர் காலைக்கூட ஒருவர் மிதிக்கவில்லை.

அவர்களுக்கே ஒன்றும் புரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் அடுத்த சுற்று வந்துவிட்டதால் யோசிக்க நேரம் இல்லை, ஆடத் தொடங்கினார்கள். அது முடிந்ததும் மறுபடியும் எல்லாக் காலும் மேலே போயிற்று, காத்திருந்தது, இறங்கியது. இந்தத் தடவை ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், வேலிக்கு வெளியே கட்டியிருந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வெர்லீன் அழுதுகொண்டே வாசித்தாள். துடைக்கக் கை ஒழியவில்லை.

முடிந்ததும் ஐடெல்லா கரண்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"யாரும் நகராதீங்க! நில்லுங்க!" உள்ளே ஓடிப்போய்ப் பாட்டுப்பெட்டியில் காசைப் போட்டாள். அந்த வருஷத்தில் அவள் செலவழித்த இரண்டாவது சொந்தக் காசு. சன்னல் வழியாகத் தட்டு பாடியது, மெல்லியதாக, வேகமாக. சுற்று முடிகிற இடத்தில் பாட்டு நின்றது. கொல்லையில் காலெல்லாம் மேலே போய், காத்திருந்து, இறங்கியது.

"ஆத்தாடி!" என்றாள் ஐடெல்லா சன்னலில் தலையை நீட்டி. "உள்ள இருக்கறது இவதாண்டா!"

எல்லாரும் பஸ்டரைப் பார்த்தார்கள். அவன் ஓடி ஒளியவில்லை, அது அவனுக்குப் பெருமை. வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் வீட்டுல தட்டை வச்சுத்தான் பழகினேன். அங்க நிக்குதுல்ல, அதைக் கீறல்னு நெனச்சேன். ஊசி மாட்டிக்குதுன்னு நெனச்சு அதை விட்டுட்டு வாசிச்சேன்." வெர்லீனைப் பார்த்தான். "அதை எதுக்குக்கா அங்க வச்சீங்க?"

வெர்லீன் கீழே பார்த்தாள். கிளோட்டி புழுதிக்கு நடுவில் நின்று, தட்டில் மிச்சமிருந்த மீனை ஊதிக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பார்த்த அந்தக் கனத்த கறுப்புச் சப்பாத்துகளை வெர்லீன் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"என்னை ஏண்டி அப்படிப் பார்க்கிற? நான் ஆடல," என்றாள் கிளோட்டி. "காலு மரத்துப்போச்சு, உதறினேன். போதகர் கேட்டா நீதான் சாட்சி."

வேண்டிவர் காரைவிட்டு இறங்கி வேலியோரம் வந்து நின்றார். தோற்ற முகம் இல்லை அவருக்கு. லாபம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிற மனிதர்.

"ஆகஸ்ட்ல நீதான், வெர்லீன். அந்த நிக்கறது இருக்கு பாரு, அதை எல்லாப் பாட்டுலயும் வச்சுடு."

"அது வைக்கறது இல்ல மிஸ்டர் வேண்டிவர். வந்தா வரும்." அவள் கிதாரைக் கழற்றவில்லை. "தண்டுல எதையும் சுத்தக் கூடாது. நான் வாசிச்ச வேகம்தான் தட்டுல இருக்கணும். என் பேரு போடணும்."

"பொம்பளை பேரைப் போட்டா..."

"போட்டா என்ன ஆகும்னு இவங்க காலைக் கேட்டுப் பாருங்க."

அவர் கொல்லையைப் பார்த்தார். கூட்டம் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று வண்டிப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். சரி என்றார்.

ஆகஸ்டில் நான்கு பேராகப் போனார்கள். கிளோட்டி வாசிக்க வரவில்லை. வெர்லீன் எங்கே போகிறாள் என்று பார்க்க வந்தாளாம். சபையில் பாடாத உலகத்துப் பாட்டைக் காதில் வாங்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தட்டை உன்னிப்பாகக் கேட்டால் சுற்று முடிகிற இடங்களில் அவள் சப்பாத்து கேட்கும். வேண்டிவர் அதைத் தப்பு என்று சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில் தட்டு வந்தது. வெர்லீன் வேலைச் சட்டையை மாற்றக்கூட இல்லை. பெயர் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும் இல்லை, பார்க்கப் பயமாக இருந்தது. தட்டை ஓடவிட்டுக் கிதாரை எடுத்து, அது தொடங்கியதும் ஒரே ஒரு கம்பியை மீட்டினாள். தட்டும் கம்பியும் ஒரே குரலில் பேசின. எது தட்டு, எது தன் மடியில் இருப்பது என்று பிரிக்க முடியவில்லை. கடைசிவரை கூடவே வாசித்தாள், ஓடவே இல்லை. அதன் பிறகுதான் தட்டைக் கையில் எடுத்து நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தைப் படித்தாள். வெர்லீன் மேப்ரி, கிதார். மறுபடியும் படித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஐடெல்லா கடையில் பாட்டுப்பெட்டிக்காரன் அதை மாட்டினான். வெர்லீன் மீனைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். மே மாதத்திலிருந்து தொண்டையில் வைத்திருந்த வார்த்தை அது.

"இது நான்தான்!" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

ஒருவரும் திரும்பவில்லை. மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், முதல் சுற்று முடிந்துவிட்டிருந்தது, எல்லாரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.